போர் முடிந்த ஃப்ரீடவுன் ஏன் கிகாலி ஆகவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "1990களில் ருவாண்டா, சியரா லியோன் இரண்டு நாடுகளும் நாசமாயின. இன்று ருவாண்டாவின் தலைநகர் கிகாலியின் தெருக்களில் குப்பையே கிடையாது என்கிறார்கள். சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனிலோ மழைக்காலம் வந்தால் வெள்ளம், மண்சரிவு, சாவு. போர் முடிந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏன் இந்த நிலை? பணம் இல்லையா, ஊழலா, மக்கள் ஒத்துழைக்கவில்லையா?"

பணத்தட்டுப்பாடு உண்டு, ஊழலும் உண்டு. ஆனால் இந்த இரண்டிலிருந்து தொடங்கினால் ஃப்ரீடவுனைப் புரிந்துகொள்ள முடியாது. நான் நிலத்திலிருந்து தொடங்குவேன். எந்த இடத்தில் யார் வீடு கட்டலாம், எங்கே கட்டவே கூடாது என்று சொல்லும் அதிகாரம் அந்த நகரத்தின் மாநகராட்சியிடம் இல்லை. அங்கே நடக்கும் ஒவ்வொரு துயரத்தையும் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்போம்.

முதலில் ஊரின் அமைப்பு. ஒரு பக்கம் அட்லாண்டிக் கடலும் பெரிய ஆற்றுக் கழிமுகமும், இன்னொரு பக்கம் சட்டென்று எழும் மலைகள், நடுவில் ஒடுங்கிய கொஞ்சம் சமதளம். ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை. அதில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டிலேயே கொட்டித் தீர்த்துவிடும். 1792இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பலேறி வந்த விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அமைத்த ஊர் இது. அவர்கள் காலத்துக்கு இந்தச் சமதளம் தாராளம். பிறகு ஆங்கிலேயர்கள் மலேரியாவுக்கு அஞ்சி 1904இல் மலைமேல் 'ஹில் ஸ்டேஷன்' என்று ஐரோப்பியர்களுக்கு மட்டும் தனிக் குடியிருப்பு கட்டி, அதற்கு ரயில்பாதையும் போட்டுக்கொண்டார்கள். மேலே வசதியானவர்கள், கீழே மற்றவர்கள் என்ற பிரிவு அப்போதே தொடங்கிவிட்டது.

சியரா லியோனின் உள்நாட்டுப் போர் 1991 மார்ச்சில் லைபீரிய எல்லையோரம் தொடங்கியது. கிழக்கு, தெற்கு மாவட்டங்களில் ஊர்கள் எரிய எரிய, மக்கள் தலைநகருக்கு ஓடிவந்தார்கள். 1999 ஜனவரி 6 அன்று கிளர்ச்சிப்படை ஃப்ரீடவுனுக்குள்ளேயே புகுந்தது. நகரின் கிழக்குப் பகுதி மிகக் கொடுமையாகச் சிதைந்தது. 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 72,000 பேர் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள்.

இடம்பெயர்ந்தவர்கள் இனி ஊர் திரும்புவார்கள் என்றுதான் அரசும் உதவி நிறுவனங்களும் கணக்குப் போட்டன. கணிசமானவர்கள் திரும்பவில்லை. ஏன் திரும்புவார்கள்? ஊரில் வீடு இல்லை, பள்ளி இல்லை, பத்து ஆண்டுகளாக உழாத வயல் புதராகிவிட்டது. ஆயுதம் ஏந்திய இளைஞர்களுக்கோ சொந்த ஊரில் முகம் காட்ட முடியாத நிலை. நகரத்தில் குறைந்தபட்சம் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து 'ஒகாடா' எனப்படும் இருசக்கர டாக்சி ஓட்டினால் அன்றன்றைக்குச் சாப்பாடு கிடைக்கும். முன்னாள் போராளிகளில் பலர் பிழைத்தது இந்தத் தொழிலால்தான். 1985இல் 5 லட்சத்தை எட்டாத நகர மக்கள்தொகை, 2004 கணக்கெடுப்பில் 7.7 லட்சம். 2015இல் 10.5 லட்சம்.

ஒரு நகரம் இந்த வேகத்தில் வளர்வது உலகில் புதிதல்ல. அப்படி வளரும் நேரத்தில் 'இங்கே கட்டு, அங்கே கட்டாதே' என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனதுதான் ஃப்ரீடவுனின் சிக்கல். மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பழைய மாநகராட்சிகளில் ஒன்று அது. ஆனால் 1972இல் அன்றைய அரசு, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களைக் கலைத்துவிட்டது. அவை மீண்டும் உயிர்பெற்றது 2004ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் மூலம். இடைப்பட்ட 32 ஆண்டுகளில்தான் போர், இடப்பெயர்வு, குடியேற்றம் எல்லாமே நடந்து முடிந்தன. சரி, 2004இல் திரும்பி வந்த மாநகராட்சிக்கு என்ன கொடுத்தார்கள்? குப்பை, வடிகால், சந்தை, ஆரம்பப் பள்ளி. கட்டட அனுமதியும் நிலத் திட்டமிடலும் நடைமுறையில் நில அமைச்சகத்திடமே தங்கிவிட்டன. ஓடையை மறித்து எழும் வீட்டுக்கு அனுமதி கொடுப்பது ஒருவர், அந்த ஓடை பெருகினால் பழி சுமப்பது இன்னொருவர்.

இதோடு நில ஆவணக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. சியரா லியோனில் மாகாணங்களில் நிலம் குடும்பங்கள், பாரம்பரியத் தலைவர்கள் கையில் மரபு வழியில் இருக்கிறது. ஃப்ரீடவுன் இருக்கும் மேற்குப் பகுதியில் மட்டும் ஆங்கிலேயச் சட்டப்படி தனியார் நிலவுடைமை. அங்கே பதிவாவது பத்திரம்தான், உரிமைக்கு அரசு உத்தரவாதம் கிடையாது. ஒரே மனையைக் காட்டி இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அரசு நிலத்தையும் காட்டு நிலத்தையும் 'என் தாத்தா நிலம்' என்று விற்கும் கும்பல்கள் இதில்தான் வளர்ந்தன.

இனி கடற்கரைக்கு இறங்கி வாருங்கள். குரூ பே, சூசன்ஸ் பே, மாபெல்லா, காக்கிள் பே எனக் கரையோரம் வரிசையாகக் குடிசைப் பகுதிகள். இங்கே பல வீடுகள் நிற்கும் நிலமே மனிதர்கள் உண்டாக்கியது. 'பேங்கிங்' என்பார்கள். கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி, பழைய டயர்களையும் மண் நிரப்பிய சாக்குகளையும் வரிசையாக அடுக்கி ஒரு கரை கட்டுவார்கள். அந்தக் கரைக்கு உட்பக்கம் குப்பை, கல், மண் என்று அடுக்கடுக்காகக் கொட்டி நிரப்பி, காலால் மிதித்து, இறுகும்வரை விட்டுவைப்பார்கள். மேலே மண் பரப்பி, முதலில் தகர வீடு எழும். 'பேன் பாடி' என்பது அதன் பெயர். அந்த வீடு சில மழைக்காலங்களைத் தாங்கிவிட்டால் சிமென்ட் கல் வீடாக மாறும். அதற்குள் அடுத்தவர் அதற்கு முன்னால் இன்னொரு வரிசை கட்டத் தொடங்கியிருப்பார். இப்படிக் கரை கடலுக்குள் நகர்ந்துகொண்டே போகிறது.

இதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது பாருங்கள். தன் கையால் நிலத்தையே உண்டாக்கும் மக்களைச் சோம்பேறிகள், சட்டம் மதியாதவர்கள் என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் அங்கே இருப்பதற்குக் காரணம் தெளிவாக இருக்கிறது. மீன் அங்கே வந்து இறங்குகிறது, சந்தை நடக்கும் தூரத்தில் இருக்கிறது, கூலி வேலை நகர மையத்தில் கிடைக்கிறது. ஆனால் விலையும் பெரிது. கரையைக் காத்துவந்த அலையாத்திக் காடு வெட்டப்பட்டுவிட்டது. மலையிலிருந்து வரும் ஓடைகள் கடலில் சேரும் வாய்களெல்லாம் அடைபட்டுவிட்டன. ஒவ்வொரு பெருமழைக்கும் மேலேயிருந்து அடித்துவரும் குப்பை குரூ பேயின் வீடுகளுக்குள் நுழைகிறது. 2021 மார்ச்சில் சூசன்ஸ் பேயில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி உள்ளே போகச் சாலையே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இரவில் வீடிழந்தார்கள்.

கீழே இப்படியென்றால், மேலே மலையில் காட்டை வெட்டிக் கட்டுகிறார்கள். இதில் ஏழைகள் மட்டும் இல்லை. அரண்மனை மாதிரி வீடு கட்டும் பணக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோர், செல்வாக்குள்ள அதிகாரிகள் எல்லோரும் இருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 14 விடிகாலையில் ரீஜென்ட் பகுதியில் சுகர் லோஃப் மலையின் ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து விழுந்தது. அதற்கு முந்தைய ஆறு வாரங்களில் 1,000 மி.மீ.க்கு மேல் மழை, வழக்கத்தைப்போல மூன்று மடங்கு. பாறையும் சேறும் மரங்களுமாக ஓடைப் பள்ளத்தாக்கு வழியே கீழே லம்லி வரை உருண்டு வந்தன. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரிய மாடி வீடும் தகரக் கொட்டகையும் ஒரே சேற்றுக்குள் போயின. மழை அசாதாரணமானதுதான். ஆனால் அந்தச் சரிவில் மரம் வெட்டியதும் ஓடைவழியில் கட்டியதும் ஒரே இரவில் நடந்தவை அல்ல. பல ஆண்டுகளாகப் பலர் கண்முன்னால் நடந்தவை.

இதே ரீஜென்ட் மலைப்பகுதியில்தான் டாக்குகாமா சிம்பன்சி காப்பகம் இருக்கிறது. 1995இல் அதைத் தொடங்கியவர் இலங்கையில் பிறந்த பாலா அமரசேகரன். போரின்போதும் அவர் அதை மூடவில்லை. அப்படிப்பட்ட காப்பகம் 2025இல் பார்வையாளர்களுக்குக் கதவைச் சாத்தியது. சுற்றியுள்ள காட்டை ஆக்கிரமிப்பதை அரசு தடுக்கவில்லை என்பதற்கான எதிர்ப்பு அது. தேசியப் பூங்காவாக அறிவித்துப் பத்து ஆண்டுகள் தாண்டிய காடு அது.

தண்ணீரும் இந்தக் காட்டோடு கட்டிப்போட்ட விஷயம். நகரின் முக்கிய நீராதாரம் இந்த மலைக்காட்டுக்குள் 1960களில் கட்டிய குமா பள்ளத்தாக்கு அணை. அன்றைய ஊருக்காகக் கட்டியது. இன்று குழாய் வலையை நீங்கள் நேரில் பார்த்தால் திகைத்துப்போவீர்கள். பிரதானக் குழாயிலிருந்து ஆளாளுக்கு இழுத்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் கொத்துக் கொத்தாகச் சாக்கடைக்குள்ளேயே ஓடும். அழுத்தம் குறையும் நேரத்தில் ஓட்டை வழியே சாக்கடை நீர் உள்ளே போய்விடும். 2012இல் நாட்டையே உலுக்கிய காலராவில் 20,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அடுத்து 2014இல் எபோலா. நாடு முழுவதும் ஏறத்தாழ 4,000 உயிர்கள் போயின. போருக்குப் பின் கட்டியெழுப்பிய கொஞ்சநஞ்ச நிர்வாகமும் அதில் ஆட்டம் கண்டது.

மின்சாரத்தையும் போர் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. பும்புனா நீர்மின் திட்டம் முடியும் தறுவாயில் 1997இல் போரால் நின்றது. 2009இல்தான் இயங்கத் தொடங்கியது. அதுவும் 50 மெகாவாட்தான், வறண்ட மாதங்களில் அதைவிட மிகக் குறைவு. மீதிக்குத் துருக்கி நிறுவனத்தின் மிதக்கும் மின்கப்பலை நம்ப வேண்டியிருந்தது. 2023இல் பாக்கி ஏறிப்போக, அவர்கள் மின்சாரத்தைக் குறைத்தபோது தலைநகரம் இருளில் தவித்தது.

இப்போது பணத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கே ஒரு நல்ல கதையும் இருக்கிறது. 2018இல் மேயராக வந்த இவோன் அக்கி-சாயர் சொத்து வரியில் கை வைத்தார். பழைய முறையில் பெரும்பாலும் கட்டடத்தின் பரப்பைப் பார்த்து வரி போட்டார்கள். அதனால் கிழக்கில் இருந்த பழைய பலகை வீட்டுக்கும் மலைமேல் எழுந்த புதிய மாளிகைக்கும் வரியில் பெரிய வேறுபாடு இல்லை. பாதி வீடுகள் பதிவேட்டிலேயே கிடையாது. செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒவ்வொரு கூரையையும் எண்ணினார்கள். பதிவேட்டிலிருந்த சொத்துகள் ஏறத்தாழ 57,000இலிருந்து 1,20,000 ஆயின. பிறகு ஆட்கள் தெருத்தெருவாகப் போய், உள்ளே நுழையாமலே வெளியிலிருந்து தெரிவதைக் குறித்தார்கள். கூரை எதனால் ஆனது, சுவர் எப்படி, எத்தனை மாடி, குளிர்சாதனம் இருக்கிறதா, வாசல்வரை சாலை போகிறதா. ஒவ்வொன்றுக்கும் புள்ளி, புள்ளிக்கு ஏற்ப வரி. அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கினருக்கு வரி சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினருக்கு மூன்று மடங்குக்கு மேல் கூடியது.

எனக்குத் தெரிந்து போருக்குப் பிந்தைய ஃப்ரீடவுனில் நடந்த மிக முக்கியமான வேலை இதுதான். வெளிநாட்டு உதவி மூன்று ஆண்டில் முடிந்துவிடும், வரி ஆண்டுதோறும் வரும். வரி கட்டியவர் 'என் தெருச் சாக்கடை என்ன ஆச்சு?' என்று உரிமையோடு கேட்பார். ஆனால் புதிய முறையில் வசூல் தொடங்கியதுமே மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது, மறுபடி நடக்கச் சில மாதங்கள் ஆயின. மேயர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. மக்கள்தொகைகூட அரசியலாகிவிட்டது. 2015இல் 10.5 லட்சம் என்று கண்ட நகரத்தில், 2021 இடைக்காலக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 6 லட்சம் பேர்தான் என்றது. எதிர்க்கட்சி அதை ஏற்கவில்லை. ஊரில் எத்தனை பேர் என்பதிலேயே உடன்பாடு இல்லையென்றால் பள்ளி, கழிப்பறை, தண்ணீர் எதைத் திட்டமிடுவது?

மற்ற முயற்சிகளையும் சொல்லவேண்டும். 10 லட்சம் மரங்கள் நடும் திட்டம் 2020இல் தொடங்கியது. ஒவ்வொரு கன்றுக்கும் அடையாள எண் கொடுத்து, வளர்ப்பவர்கள் அவ்வப்போது கைபேசிச் செயலியில் படம் எடுத்துப் பதிந்தால்தான் பணம். நட்டுவிட்டுப் போய்விடும் வழக்கமான விழாக்களைவிட இது எவ்வளவோ மேல். இளைஞர் குழுக்களுக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்துக் குப்பை அள்ள வைத்தார்கள். 2021இல் ஆப்பிரிக்காவிலேயே முதன்முறையாக நகர வெப்ப அதிகாரி என்று ஒருவரை நியமித்து, வெயிலில் உட்கார்ந்து விற்கும் சந்தைப் பெண்களுக்கு நிழற்கூரை போட்டார்கள். எல்லாம் நல்ல வேலை. ஆனால் இந்தப் பக்கம் கன்று நட நட, அந்தப் பக்கம் காட்டில் மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தால் என்ன செய்வது? கன்று நடுவது மாநகராட்சியின் கையில் இருக்கிறது, மனை விற்பனையைத் தடுப்பது அதன் கையில் இல்லை.

சரி, கிகாலிக்கு வருவோம். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் ஒரே இயக்கம் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்தது. 2009 தொடங்கி சில ஆண்டுகளில் நாடு முழுவதும் 1 கோடிக்கு மேற்பட்ட நிலத்துண்டுகளை அளந்து பதிந்தார்கள். கிகாலிக்கு விரிவான நகரத் திட்டம் போட்டு, அதன்படிதான் அனுமதி என்று கறாராக நின்றார்கள். 2008இலேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் பொதுவேலைக்கு வரவேண்டும். கழிவுநீரால் கெட்டுப்போன நியாண்டுங்கு சதுப்புநிலத்தை மீட்டு 2022இல் பூங்காவாகத் திறந்தார்கள். நிலப்பதிவு, சதுப்புநில மீட்பு இரண்டையும் நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். நகர மையத்தை ஒட்டிய கியோவு பகுதியிலிருந்த ஏழைகளை அகற்றித் தொலைவிலுள்ள பட்சிந்தாவுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் கிகாலியின் கங்கோண்டோ குடிசைப் பகுதி மக்கள் பணமாக இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். அரசு கொடுத்தது வேறிடத்தில் அடுக்குமாடி வீடு. எதிர்த்துப் பேச இடமில்லாத அரசியலில் 'கட்டாதே' என்று சொல்வது எளிது. சியரா லியோனில் ஆட்சி தேர்தலில் மாறுகிறது, எதிர்க்கட்சிக்காரர் தலைநகர மேயராக முடிகிறது, பத்திரிகை எழுதுகிறது. அதை விட்டுக்கொடுத்துத் தூய்மையான தெரு வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கிகாலியிடமிருந்து எடுக்கவேண்டியது நிலப்பதிவை. வெளியேற்றும் முறையை அல்ல.

வெளியேற்றம் ஃப்ரீடவுனில் பயன் தரவில்லை என்பதற்கும் அனுபவம் இருக்கிறது. 2015 செப்டம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆயிரக்கணக்கானவர்களைத் தேசிய விளையாட்டரங்கில் தங்கவைத்தார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு நகருக்கு வெளியே வீடு கொடுத்தார்கள். மீன் விற்பவருக்கு அங்கே கடல் இல்லை, கூலிக்காரர் வேலைக்குப் போய்வர பஸ் கட்டணத்துக்கே பாதிக் கூலி போகும். அப்புறம் பலர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். வேலையையும் சாலையையும் கொண்டுபோகாமல் ஆட்களை மட்டும் கொண்டுபோனால் இதுதான் நடக்கும்.

'மக்கள் ஒத்துழைக்கவில்லையா' என்று கேட்டீர்கள். எபோலா காலத்தில் வெளியாட்கள் நுழையத் தயங்கிய குடிசைப் பகுதிகளில் வீடுவீடாகப் போய் நோயாளிகளைக் கண்டுபிடித்ததும் கைகழுவக் கற்றுக்கொடுத்ததும் அங்கே வாழ்ந்தவர்களே. நகர, கிராம ஏழைகள் கூட்டமைப்பு என்ற அவர்களுடைய சொந்த அமைப்பு, சேமிப்புக் குழு நடத்துகிறது. தங்கள் பகுதியில் எத்தனை வீடு, எத்தனை கழிப்பறை, எங்கே வெள்ளம் நிற்கும் என்று தாங்களே கணக்கெடுத்து வரைபடம் போடுகிறது. அரசிடம் இல்லாத தகவல் இவர்களிடம் இருக்கிறது.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி இருக்கவேண்டும். முதலில் கட்டட அனுமதியும் நிலத் திட்டமிடலும் மாநகராட்சிக்கு வரவேண்டும். அதோடு, நகரின் கிழக்கே விரிந்துகொண்டிருக்கும் சமதளத்தில் ஆட்கள் வருவதற்கு முன்பே சாலை, வடிகால், தண்ணீர்க் குழாய்க்கு மட்டுமாவது இடம் ஒதுக்கி மனை பிரிக்கவேண்டும். வீட்டை மக்களே கட்டிக்கொள்வார்கள், அதைத்தான் இத்தனை ஆண்டுகளாகக் கடலுக்குள்ளேயே செய்துகாட்டியிருக்கிறார்களே. ஓடைவழியிலும் செங்குத்துச் சரிவிலும் இருக்கும் வீடுகளை மட்டும் அகற்றியாக வேண்டும், மாளிகைகள் உட்பட. மற்றக் குடிசைப் பகுதிகளை இருக்கும் இடத்திலேயே மேம்படுத்தலாம். தீயணைப்பு வண்டி போகும் அளவுக்கு ஒரு பாதை, கழிப்பறை, நீர் வடிய வழி.

2022இல் நாடாளுமன்றம் இரண்டு நிலச் சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று மரபுவழி நில உரிமைகளைப் பற்றியது, மற்றொன்று தேசிய நில ஆணையத்தை அமைப்பது. ஃப்ரீடவுனுக்கு இரண்டாவதுதான் முக்கியம். பத்திரக் குழப்பத்தைத் தீர்க்கும் வேலையை அந்த ஆணையம் தலைநகரிலிருந்து தொடங்குகிறதா, அனுமதி அதிகாரத்தை அமைச்சகம் விட்டுக்கொடுக்கிறதா என்ற இரண்டையும்தான் நான் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன்.